மாடு இரண்டு, சாட்டை ஒன்று!

(ஓசூரில் மாலைக் கூட்டமொன்றில் பேசியது. ஞாயிறு ஏட்டுக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டுள்ளது.)

மேடைப் பேச்சாளனுக்கு ஒரு வசதி உண்டு, தோழரே! ஒலிபெருக்கி அவன் பக்கம். மௌனம் கேட்பவர் பக்கம். கேள்வியையும் அவனே கேட்பான், விடையையும் அவனே சொல்வான், அந்த விடைக்குக் கைதட்டலும் வாங்கிக்கொள்வான். அந்த வசதியை நான் ஒரு நாள் இழந்தேன். ஓசூர்க் கூட்டத்தில் அதைத்தான் முதலில் சொன்னேன். கூட்டத்துக்கு வர இயலாத உங்களுக்கும் அதையே முதலில் சொல்கிறேன்.

பாகலூர்ச் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்று. தேர்தல் நேரம். ஒன்றரை மணி நேரம் பேசினேன். மாற்றார் ஆட்சியின் கேடுகளை அடுக்கினேன். எங்கள் கட்சியின் சாதனைகளைத் தொடுத்தேன். கைதட்டலுக்குக் குறைவில்லை. மேடையைவிட்டு இறங்கித் தேநீர்க் குவளையைக் கையில் வாங்குகிறேன், ரோசாத் தோட்டக்காரர் ஒருவர் அருகே வந்து நின்றார். அறுபதைக் கடந்தவர். வீட்டிலே தெலுங்கு, சந்தையிலே கன்னடம், தாலுகா அலுவலகத்திலே தமிழ் என்று மூன்று மொழியிலும் வாழ்க்கை நடத்துபவர்.

"தம்பி, நன்றாகப் பேசினாய். அவர்கள் வந்தால் கெடுப்பார்கள் என்கிறாய். நீங்கள் வந்தால் கொடுப்பீர்கள் என்கிறாய். கெடுப்பதும் உங்கள் இருவர் வேலை, கொடுப்பதும் உங்கள் இருவர் வேலை. நடுவிலே எங்களுக்கு என்ன வேலை?"

"வாக்களிப்பது உங்கள் வேலையல்லவா, பெரியவரே?"

"அது ஒரு நாள் வேலை, தம்பி. மிச்ச நாளைக்கு?"

ஐந்தாண்டுக்கு ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் நாட்கள். ஒரு நாளுக்குத்தான் என்னிடம் விடை இருந்தது. பட்டம் பெறாமலே கல்லூரியைவிட்டு வெளியேறியவன் நான். தேர்வில் விடை தெரியாமல் விழித்த அனுபவம் உண்டு. அன்று விழித்தது அதைவிட மோசம். தேநீரை அவசரமாகக் குடித்துவிட்டு வண்டியேறினேன். அந்த மிச்ச நாட்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10ஆம் நாள் அங்கே பிறந்தவர் ஆச்சாரியார் இராசகோபாலர். அவரை ஏற்காதவர் தமிழகத்தில் பலர். நானும் அவர்களுள் ஒருவன். ஆயினும் இந்த மண்ணிலே நின்றுகொண்டு கட்சிகளைப் பற்றிப் பேசுகிறவன் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஏனெனில், "எதிரே நிற்க இன்னொருவர் வேண்டும்" என்று ஓயாமல் கேட்டவர் அவர்.

1957இலும் அதற்குப் பின்னும் அவர் எழுதியவற்றின் சாரம் இதுதான்: காங்கிரசு ஒன்றே கட்சி, அதை எதிர்த்து நிற்க வலுவான கட்சி இல்லை என்ற நிலை நீடித்தால் மக்களாட்சி உருவத்தில் இருக்கும், உள்ளத்தில் இராது. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். தொழில் தொடங்க லைசென்ஸ், பொருள் வாங்கப் பர்மிட், பங்கு பெறக் கோட்டா என்று எல்லாவற்றையும் தில்லியிலே குவித்த முறையைப் 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்று சாடினார். அந்தக் கட்சியின் கொள்கைகள் 21. கடைசிக் கொள்கை விந்தையானது. அடிப்படைக் கொள்கைக்குப் புறம்பான எந்தப் பிரச்சினையிலும் உறுப்பினர் தம் மனம்போல் கருத்துக் கொள்ளலாம் என்று எழுதி வைத்தார்கள். கட்சி தன் கையைத் தானே கட்டிக்கொண்ட காட்சி! அந்தக் கட்சியின் வேட்பாளரை 1967இலும் 1971இலும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது ஓசூர்.

புகழ்ந்தது போதும், மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். குவிந்த அதிகாரத்தைக் கண்டு 1959இல் குமுறிய அதே பெரியவர், 1952இல் எப்படி முதலமைச்சரானார்? 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. தேர்தலில் நிற்காத ஆச்சாரியாரை ஆளுநர் மேலவைக்கு நியமித்தார். அந்த வாசல் வழியாக வந்து கொலுவமர்ந்தார். அடுத்த ஆண்டு அரை நாள் பள்ளி, அரை நாள் தகப்பன் தொழில் என்னும் கல்வித் திட்டம். நாடே கொதித்தது, குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954இல் பதவி விலகினார். காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். சுதந்திராக் கட்சியும் யாருக்குச் சுதந்திரம் கேட்டது? மன்னர் பரம்பரையும் பெருநிலக்கிழாரும் அதிலே முன்வரிசையில் இருந்தனர். கோட்டையிலே குவிந்த அதிகாரம் ஆச்சாரியார் கண்ணில் பட்டது. பண்ணை வீட்டுத் திண்ணையிலே குவிந்திருந்த அதிகாரம் பட்டதாகத் தெரியவில்லை.

ஆனாலும் அவர் கேட்டது தவறான கேள்வியா? இல்லை. 1962இல் 206 இடங்களில் காங்கிரசுக்கு 139. எதிரே 50 பேருடன் தி.மு.கழகம். அந்த 50 பேர் எழுப்பிய ஒலிக்கு அன்று எவ்வளவு மதிப்பு! 1967இல் ஆச்சாரியாரும் கூட்டணியில் சேர்ந்தார், ஒரு கட்சி ஆட்சி ஒழிந்தது. 234 இடங்களில் தி.மு.கழகம் 137, காங்கிரசு 51.

இங்கே ஒரு கசப்பான கணக்கு உண்டு. மேடையில் நாங்கள் சொல்வதில்லை. அந்தத் தேர்தலில் தனிக்கட்சி என்ற முறையில் மிகுதியான வாக்குப் பெற்றது காங்கிரசுதான், நூற்றுக்கு 41. தி.மு.கழகத்துக்கு 41க்குச் சற்றுக் குறைவு. கழகம் குறைவான தொகுதிகளில் நின்றது, தோழமைக் கட்சிகளின் வாக்கையும் கூட்டினால் கூட்டணிக்குப் பாதிக்கு மேல் என்பதும் உண்மை. ஆகவே தீர்ப்பு பிழையன்று. ஆனால் தொகுதிக்கு ஒருவர், முந்தியவர்க்கே எல்லாம் என்னும் இந்த முறை எவ்வளவு முரட்டுத் தராசு என்பதை அன்றே பார்த்திருக்கலாம். வென்றவர்களுக்குப் பார்க்க நேரமில்லை. தோற்றவர்களுக்குப் பார்க்கும் மனமில்லை. 1962 வரை அவர்களுக்கும் அதே தராசுதானே நிறுத்துக் கொடுத்தது!

1972இல் அ.தி.மு.க. பிறந்தது. 1977 முதல் 2021 வரை நடந்த எல்லாச் சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சியைப் பிடித்தது இரண்டில் ஒன்று. நன்மையே விளையவில்லை என்று சொன்னால் ஓசூர் மண்ணே என்னைப் பார்த்துச் சிரிக்கும். சிப்காட் 1971இல் உருவானபோது ஆண்டது ஒரு கழகம். டைட்டன் கடிகார நிறுவனம் 1984இல் உருவானபோது ஆண்டது மற்றது. கேழ்வரகு விளைந்த மேட்டு நிலத்திலே மொப்பெட்டும் லாரியும் கடிகாரமும் விளைந்தன. போட்டி இருந்ததால் கிடைத்தவை பல.

ஆனால் போட்டியின் முறையைப் பாருங்கள்! 1991இல் இதே மாவட்டத்துப் பர்கூரில் நின்று வென்று முதலமைச்சரானார் அம்மையார் ஜெயலலிதா. அந்தத் தேர்தலில் தி.மு.கழகத்துக்கு நூற்றுக்கு 22 பேர் வாக்களித்தனர். கிடைத்த இடங்கள் 2. ஐந்தே ஆண்டு. 1996இல் அதே பர்கூர் அதே அம்மையாரைத் தோற்கடித்தது. அ.தி.மு.க.வுக்கு நூற்றுக்கு 21 பேருக்கு மேல் வாக்களித்தனர். கிடைத்த இடங்கள் 4. ஐவரில் ஒருவர் சொன்ன சொல், 234 பேர் கொண்ட அவையிலே ஒரு விசிப்பலகையில் அடங்கிவிட்டது, இரு முறையும்!

நாடகம் எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இரண்டு பாத்திரங்களை மட்டும் வைத்து நாடகம் எழுதுவது எளிது. முதல் காட்சியில் ஒருவன் நல்லவன், அடுத்த காட்சியில் மற்றவன். வேடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் திரை விழும்வரை கூட்டம் கலையாது. 'மக்கள்' என்று பாத்திரப் பட்டியலில் எழுதி வைத்திருப்போம். அவர்களுக்கு வசனம் இராது. மேடையின் ஓரத்தில் நின்று கூச்சலிட்டால் போதும்.

மக்கள் ஏன் ஒவ்வொரு முறையும் வீட்டையே இடித்தார்கள்? ஓடு மாற்றுவதற்கும் சன்னலைச் செப்பனிடுவதற்கும் வேண்டிய சிறு கருவிகளை ஒவ்வொன்றாக அவர்கள் கையிலிருந்து பறித்துவிட்டோம். மிஞ்சியது கடப்பாரை ஒன்றுதான்.

முதலில் பறிபோனது சட்டமன்ற உறுப்பினரின் மனச்சாட்சி. 1985இல் அரசியல் சட்டத்தின் 52ஆவது திருத்தம், கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. சந்தை மாடுபோல உறுப்பினர்கள் விலைபோனதைத் தடுக்க வந்த சட்டம். நோக்கத்தைக் குறைகூற மாட்டேன். விளைவு என்ன? கொறடா கட்டளையிட்டால் கை தூக்க வேண்டும்; தூக்காவிட்டால் பதவி போகும். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் இந்தக் கண்டிப்பு போதும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990லேயே பரிந்துரைத்தது. எந்தக் கட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாட்டை யார் கையில் இருந்தாலும் அவர்களுக்கு அது இனிக்கிறது. சட்டத்துக்குப் பிறகும் பேரம் ஒழிந்ததா? 2017 பிப்ரவரியில் கூவத்தூர் விடுதியில் உறுப்பினர்களைத் தங்கவைத்த காட்சியை நாடே பார்த்தது. சில்லறை வாணிபம் மொத்த வாணிபமாயிற்று, அவ்வளவே. தொரப்பள்ளிக்காரர் கட்சியின் 21ஆவது கொள்கையை இந்தச் சட்டத்தின் அருகே வைத்துப் பாருங்கள், தோழரே. நாம் எங்கிருந்து எங்கே வந்தோம் என்பது விளங்கும்.

அடுத்தது அவை. சட்டமன்ற விதிகளில் 110 என்று ஒன்று உண்டு. பேரவைத் தலைவரின் இசைவோடு அமைச்சர் பொதுமுக்கியத்துவம் வாய்ந்த அறிக்கையைப் படிக்கலாம். அதன்மேல் விவாதம் கிடையாது. 2011க்குப் பின் இந்த விதியின்கீழ் அறிவிப்புகள் மழையாகப் பொழிந்தன. அன்று எதிர்வரிசையில் இருந்தவர்கள் குறைகூறினார்கள், நியாயமாகவே. பிறகு அவர்கள் ஆள வந்தார்கள். அதே விதியைக் கையில் எடுத்தார்கள். 2024 சூனில் ஓசூரிலே 2,000 ஏக்கரில் விமான நிலையம், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் என்று முதலமைச்சர் அறிவித்தது 110இன்கீழ்தான். விமான நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் என்பவர் ஓசூரில் ஏராளம். ஆனால் 2,000 ஏக்கர், தோழரே! அறிவிக்கும் அந்த வேளையில் ஓசூர் உறுப்பினர் எழுந்து, "யாருடைய நிலம், எவ்வளவு ஈடு, தண்ணீர் எங்கிருந்து?" என்று விவாதம் எழுப்ப விதியில் இடமில்லை.

இதே செய்தியில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பெங்களூரு விமான நிலையத்துக்காக 2004இல் மைய அரசு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மைசூரும் ஹாசனும் நீங்கலாக 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 2033 வரை வேறு விமான நிலையம் எழக்கூடாது. ஓசூர் அந்த வட்டத்துக்குள்! தில்லியில் போட்ட கையெழுத்து ஓசூரின் வானத்தைப் பூட்டுகிறது. சென்னையில் படித்த அறிக்கை ஓசூரின் நிலத்தைத் தொடுகிறது. ஓசூர்க்காரனை இரண்டு பேரும் கேட்கவில்லை.

மூன்றாவது கருவி ஊராட்சியும் நகராட்சியும். எனக்குப் பெருஞ்சினம் மூட்டுவது இதுதான். ஐந்தாண்டு முடியும் முன்னே உள்ளாட்சித் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை ஆளுங்கட்சி அவசரமாக அறிவித்தது. எதிர்க்கட்சி வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் அறிவிப்பை இரத்துச் செய்தது. அதன்பின் யாருக்கும் அவசரமில்லை. கிருட்டிணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்! இடையே 2019இல் ஓசூர் நகராட்சி மாநகராட்சி ஆயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத காலத்தில் மாநகராட்சிப் பட்டம்! 45 வட்டங்களுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பேர் சொல்ல ஆளில்லை. தனி அலுவலர் ஆண்டார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது? ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். சென்னை 300க்கு மேல். விளக்கு எரியாத தெருவுக்கும் கோட்டைக்கும் இடையே மனிதரே இல்லை.

அது ஒரு கட்சியின் ஆட்சியில் நேர்ந்த குற்றம் என்று மற்றக் கட்சியார் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சிற்றூர் உள்ளாட்சிகளின் காலம் 2025 சனவரியில் முடிந்தது. அப்போதும் தேர்தல் நடக்கவில்லை; மீண்டும் தனி அலுவலர்களிடம் பொறுப்புப் போயிற்று. ஆட்சி மாறியிருந்தது; ஆசை மாறவில்லை. மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதிலும் இதே வேடிக்கை: 2006இல் உறுப்பினர்கள், 2011இல் மக்கள், 2019இன் அவசரச் சட்டத்தால் மறுபடி உறுப்பினர்கள்.

"அப்படியானால் மூன்றாவது கட்சி வந்தால் தீருமா?" என்று ஓசூர்க் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் கேட்டார். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். கர்நாடகத்தில் நெடுங்காலம் மூன்று பெருங்கட்சிகள். 2018இல் எவர்க்கும் பெரும்பான்மை இல்லை, கூட்டணி அமைந்தது, 14 மாதங்களில் கவிழ்ந்தது, 17 உறுப்பினர்கள் தகுதி இழந்தனர். அதிகாரம் ஓரிடத்தில் குவிந்திருக்கும்வரை, அதைப் பிடிக்க இருவர் ஓடினால் என்ன, மூவர் ஓடினால் என்ன? ஓட்டப்பந்தயம் நீளும், பரிசு ஒருவருக்கே.

அந்தப் பரிசு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலங்கை நமக்கு அண்டை வீட்டுப் பாடம். அங்கும் இரண்டு: ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, ஐக்கிய தேசியக் கட்சி. 1972இல் புதிய அரசியல் சட்டம் எழுதிய சிறிமாவோ அரசு, அந்தச் சாக்கில் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. அநீதி என்று கண்டித்து 1975இல் தம் இடத்தைத் துறந்தார் ஜெயவர்த்தனா. 1977இல் ஏறத்தாழப் பாதி வாக்கு. 168இல் 140 இடங்கள்! அந்தப் பலத்தால் 1978இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதி பதவியைப் படைத்துத் தாமே அமர்ந்தார். 1982இல் தம் கட்சி உறுப்பினர்களிடம் நாளிடாத பதவிவிலகல் கடிதங்களை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பொதுத்தேர்தலுக்குப் பதில் ஒரு வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். 1975இல் எதை எதிர்த்து இடம் துறந்தாரோ, அதையே! இருவர் ஆட்சியிலும் அங்குள்ள தமிழன் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றிக் காட்டியவரும் உண்டு. நியூசிலாந்தில் 1978இலும் 1981இலும் அதிக வாக்குப் பெற்ற கட்சி எதிர்வரிசையில் அமர்ந்தது. 1981இல் மூன்றாம் கட்சிக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்கு. 92 இடங்களில் 2! நம் 1991 கணக்குத்தான். அந்நாட்டார் பொறுக்கவில்லை. 1993இல் மக்கள் வாக்கெடுப்பால் தேர்தல் முறையையே மாற்றினர். 1996 முதல் வாக்கின் விகிதத்துக்கேற்ப இடங்கள். அதுவே மருந்து என்று நான் கூறவில்லை. அதிலும் வேறு தொல்லைகள் உண்டு. நோய் என்று ஒப்புக்கொண்டார்களே, அதைச் சொல்கிறேன்.

ஓசூர்த் தொகுதிக்கு இதிலே தனிக் கதை. 2016 வரை இரு கழகங்களில் எதுவும் இங்கே தன் சின்னத்தில் வென்றதில்லை. சுதந்திரா வென்றது, காங்கிரசு பன்முறை வென்றது, 1996இல் ஜனதா தளம்கூட வென்றது. மூன்று மொழி பேசும் எல்லை ஊர். தன் விருப்பம் தனக்கு. ஆனால் என்ன கண்டது? 2001இல் காங்கிரசு உறுப்பினர் ஒரு கழகத்தின் வண்டியில் ஏறி வந்தார். 2006இல் மற்றக் கழகத்தின் வண்டியில். இரண்டிலும் இல்லாத ஊருக்கும் இரண்டில் ஒன்றே வாகனம்!

கூட்டம் முடிந்தபின் எங்கள் வட்டாரத் தோழர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "அண்ணே, நம்மையும் சேர்த்து அடித்துவிட்டீர்களே!" என்றார் வருத்தத்தோடு. உண்மை. நானும் சாட்டைக்கு முதுகு காட்டி நிற்பவன்தான். தலைமை எழுதித் தரும் குறிப்பைவிட்டு விலகாமல் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். நாளையும் கட்சிக்கே வாக்குக் கேட்பேன். ஆனால் அடுத்த மேடையில் மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்பேன். எங்கள் தலைவர்களைப் பார்த்தும் கேட்பேன். உள்ளாட்சித் தேர்தல் எந்தத் தேதியில்? 110இன்கீழ் நிலத்தைத் தொடும் அறிவிப்பு வந்தால் விவாதம் எப்போது? நம்பிக்கை வாக்கு நீங்கலான வேளைகளில் கொறடாவின் கை எப்போது இறங்கும்?

பாகலூர்ச் சாலைப் பெரியவரைத் தேடி ஓசூர்க் கூட்டத்துக்கு முன்தினம் போனேன். தோட்டத்தில் இல்லை. பூச்சந்தைக்குப் போயிருப்பதாக மகன் சொன்னார். "என்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இதற்கு அப்பா உங்களிடம் பதில் கேட்பாரே, அண்ணா!" என்றார்.